பெந்தெகொஸ்தே நாளின் வரிசையைச் சட்டமாக்க வேண்டாம்: போதகர் ஐக்கியத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பெந்தெகொஸ்தே பண்டிகையையொட்டி நம் வட்டாரப் போதகர் ஐக்கியம் சபைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையை ஆராதனையில் வாசிக்கக் கேட்டேன். பின்பு அதன் அச்சுப் பிரதியை வாங்கி நிதானமாகவும் படித்தேன். மனந்திரும்புதல், முழுக்கு ஞானஸ்நானம், கல்லாத மொழிகளில் ஆவியால் பேசும் அந்நிய பாஷையின் அடையாளத்தோடு கூடிய ஆவியின் அபிஷேகம் ஆகிய மூன்றையும், மனந்திரும்பி இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறுங்கள், அப்பொழுது பரிசுத்த ஆவியைப் பெறுவீர்கள் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்ன அப்போஸ்தலர் 2:38-இன்படி இதே வரிசையில் பெறாதவர் நிறைவான விசுவாசி ஆகமாட்டார் என்று அது சொல்கிறது. குழந்தைப் பருவத்தில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்று, வேறு சபைகளிலிருந்து நம்மிடம் வருகிறவர்கள் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கும்வரை, அப்பமும் பாத்திரமும் பகிரும் இராப்போஜனத்தில் பங்குபெறலாகாது என்றும் விதிக்கிறது. இந்த விதியை நீங்கள் விலக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முழுக்கு ஞானஸ்நானத்துக்கு நான் எதிரி அல்லன். விசுவாசத்தை வாயால் அறிக்கை செய்தவரைத் தண்ணீரில் மூழ்கச்செய்யும் நம் வழக்கமே அப்போஸ்தலர் காலத்துக்கு நெருங்கியது என்று நம்புகிறேன். ஒரே நாளில் 3,000 பேரை முழுக்காட்ட எருசலேமில் தண்ணீர் ஏது என்று நம்மைக் கேலியாகக் கேட்பவர்கள் உண்டு. தேவாலயத்தின் தென்மதிலை ஒட்டி 1968 முதல் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட சுத்திகரிப்புத் தொட்டிகளும், 2004-இல் கண்டறியப்பட்ட சீலோவாம் குளத்தின் படிக்கட்டுகளும் அந்தக் கேள்விக்குப் போதுமான பதில் தருகின்றன. பண்டிகைக்கு வரும் யூதர்கள் தேவாலயத்துக்குள் நுழையுமுன் முழுகிச் சுத்திகரித்துக்கொள்ளும் நகரம் அது. ஆனால், முறையைக் குறித்த ஒரு நல்ல முடிவை வைத்துக்கொண்டு வரிசையைக் குறித்து ஒரு சட்டம் எழுதிவிட முடியாது. அதற்கு அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்காவே நமக்கு இடம் கொடுக்கவில்லை.

நீங்கள் ஆதாரமாகக் காட்டும் அதே இரண்டாம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். எருசலேமில் ஏறக்குறைய 120 சீஷர்கள் கூடியிருந்ததாக முந்திய அதிகாரம் கூறுகிறது. காத்திருந்தவர்கள்மேல் ஆவியானவர் இறங்கினார். அவர்கள் அந்நிய பாஷைகளில் பேசினார்கள். அவர்களில் சிலர் யோவான்ஸ்நானனிடம் ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம். ஆனால் அன்றோ பின்னரோ அவர்கள் இயேசுவின் நாமத்தில் தண்ணீர் ஞானஸ்நானம் பெற்றதாக ஒரு வரியும் இல்லை. மாறாக, பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு இருதயத்தில் குத்தப்பட்ட 3,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் அந்நிய பாஷை பேசியதாக ஒரு வரியும் இல்லை. உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபங்களிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்றே 42-ஆம் வசனம் சொல்கிறது. சுற்றறிக்கையின் அளவுகோலைக் கையில் எடுத்தால், முதல் பெந்தெகொஸ்தே நாளிலேயே இரு கூட்டத்தாரில் ஒருவரும் தேறமாட்டார்கள்.

அடுத்து வருகிறவற்றைச் சேர்த்து வாசித்தால் காரியம் இன்னும் தெளிவாகும். சமாரியாவில் பிலிப்புவின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றிருந்தும், எருசலேமிலிருந்து பேதுருவும் யோவானும் வந்து கைகளை வைக்கும்வரை ஆவியானவர் அவர்களில் ஒருவர்மேலும் இறங்கவில்லை. செசரியாவிலோ, பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒருவரும் தண்ணீரைத் தொடுமுன்பே, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டார்மேல் ஆவியானவர் இறங்கினார். தண்ணீர் பின்னால் வந்தது. எபேசுவில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் ஞானஸ்நானம் பெற்று, பவுல் கை வைத்தபோது அந்நிய பாஷைகளைப் பேசித் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். எதியோப்பிய மந்திரியோ வழியோரத் தண்ணீரில் இறங்கி ஏறிச் சந்தோஷத்தோடே தன் வழியே போனார். கை வைத்தவரும் இல்லை, அந்நிய பாஷை பற்றிய பேச்சும் இல்லை.

இந்த மாற்றங்களை லூக்கா கவனக்குறைவால் எழுதியதாக நான் நினைக்கவில்லை. எருசலேம், யூதேயா, சமாரியா, பூமியின் கடைசிபரியந்தம் என்று 1:8-இல் ஆண்டவர் சொன்ன பாதையில் ஒவ்வொரு பழைய சுவரும் எங்கே நின்றதோ அங்கேதான் வரிசை மாறுகிறது. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாதவர்கள் ஆகையால், எருசலேமின் கைகள் சமாரியரின் தலைமேல் வரும்வரை ஆவியானவர் காத்திருந்தார். தனித்தனியாக இரண்டு சபைகள் எழும்ப அவர் விடவில்லை. புறஜாதியாருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று எருசலேமில் ஆலோசனைக் கூட்டம் போட்டிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் செசரியாவில் ஆவியானவர் முந்திக்கொண்டார். "நம்மைப்போலப் பரிசுத்த ஆவியைப் பெற்ற இவர்களும் ஞானஸ்நானம் பெறாதபடிக்கு எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா" என்று பேதுரு கேட்டது, தேவன் முடித்துவிட்ட ஒன்றுக்குச் சபை கையெழுத்திட மறுக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

எபேசுவில் மறு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதே என்று உங்கள் அறிக்கை வாதிடுகிறது. புதிய ஏற்பாட்டில் ஒருவர் இரண்டாம் முறை தண்ணீருக்குள் இறங்கியதாகத் தெளிவாகச் சொல்லப்படும் ஒரே இடம் அதுதான். ஆனால் அவர்கள் முன்பு பெற்றிருந்தது யோவானின் ஞானஸ்நானம். பரிசுத்த ஆவி உண்டென்பதைக் கேள்விப்படவே இல்லை என்று அவர்களே சொன்னார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்று, அந்த விசுவாசத்தில் வளர்ந்து, திடப்படுத்தலின்போது சபைமுன் அதை அறிக்கையிட்ட ஒருவரை இவர்களோடு எப்படிச் சேர்ப்பது? அதற்குச் சற்று முன்னே வரும் அப்பொல்லோவும் யோவானின் ஞானஸ்நானத்தை மாத்திரம் அறிந்தவர். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்தார்கள் என்று மட்டுமே எழுதியிருக்கிறது. (குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிப்பவர்கள் 2:39-இல் வரும் "உங்கள் பிள்ளைகளுக்கும்" என்ற சொல்லை முடிவான ஆதாரம்போல நீட்டுவதும் எனக்கு ஏற்புடையதல்ல, அங்கே வாக்குத்தத்தம் தேவன் அழைக்கிற அனைவருக்கும் உரியதாகப் பேசப்படுகிறதே தவிர, தொட்டிலைப் பற்றிய பேச்சு இல்லை.)

இந்த வழக்கு பழையது. வேறு பிரிவினரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்று 256-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் அந்நகர ஆயர் சிப்பிரியானின் தலைமையில் கூடிய ஆயர்கள் தீர்மானித்தார்கள். கை வைத்து ஏற்றுக்கொண்டால் போதும் என்று ரோமாபுரியின் ஆயர் ஸ்தேவான் மறுத்தார். பின்னாளில் ஆயர் அகஸ்டின், தொனாத்தியர் என்னும் பிரிந்துபோன கூட்டத்தாருக்கு எதிராக வாதிட்டபோது, ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்ற நிலையில் நின்று பிந்தியவரின் பக்கத்தையே உறுதிப்படுத்தினார். ரோமின் முடிவு நம்மைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் நம் சொந்த வீட்டுக்கு வருவோம். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசுசா தெருவில் எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்குப் பின் ஏழே ஆண்டுகளில், 1913-இல், அதே லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த அரோயோ செக்கோ முகாம் கூட்டத்தில், அப்போஸ்தலர் இயேசுவின் நாமத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்ற பிரசங்கம் ஒலித்தது. அடுத்த ஆண்டிலேயே, திரியேக நாமத்தில் முறையாக முழுக்கு எடுத்திருந்த ஊழியர்கள் மீண்டும் தண்ணீரில் இறங்கினார்கள். 1916-இல் இதே பிரச்சினையில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்னும் பெந்தெகொஸ்தே சபை உடைந்து 150-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். அவர்களும் ஆதாரமாகக் காட்டியது இதே 2:38-ஐத்தான். ஒருமுறை திறந்த மறு ஞானஸ்நானத்தின் கதவு அடுத்தவருக்கு மட்டும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். நாளை உங்கள் ஞானஸ்நானத்தையும் செல்லாது என்று சொல்ல ஒருவர் வருவார்.

அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறைகளில் எழுதப்பட்ட திதகே என்னும் சபை ஒழுங்கு நூல் எவ்வளவு எளிமையாகப் பேசுகிறது பாருங்கள். ஓடும் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடு. இல்லையென்றால் வேறு தண்ணீரில். குளிர்ந்தது முடியாவிட்டால் வெதுவெதுப்பானதில். இரண்டும் இல்லையென்றால் தலையில் மூன்றுமுறை ஊற்று என்கிறது. கர்த்தருடைய நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவரைத் தவிர வேறொருவரும் நற்கருணையில் பங்குபெறலாகாது என்று கண்டிப்பாகச் சொல்வதும் அதே நூல்தான். பந்திக்கு வேலி உண்டு. தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டவர் அந்த வேலிக்கு உள்ளேதான் இருக்கிறார்.

பந்தியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பேதுரு எருசலேமுக்குத் திரும்பியதும் அங்கிருந்தவர்கள் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு, ஞானஸ்நானம் கொடுத்தீர் என்பது அன்று. விருத்தசேதனமில்லாதவர்களிடத்தில் போய் அவர்களோடே போஜனம்பண்ணினீர் என்பதுதான். அதற்குப் பேதுரு ஆவியானவர் இறங்கியதையே பதிலாகக் கொடுத்து, "தேவனைத் தடுக்கிறதற்கு நான் எம்மாத்திரம்" என்று முடித்தார். தமிழ்ச் சபைக்கு இது வெறும் பழங்கதை அல்ல. ஒரே கர்த்தரின் பாத்திரத்தில் சாதி வரிசைப்படி பருகிய சபைகள் நம் மண்ணில் இருந்தன. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் அந்த வழக்கத்தை ஒழிக்கச் சொன்னபோது, பந்தியையும் சபையையும் விட்டு விலகியவர்கள் ஏராளம். சாதியையும் ஞானஸ்நான முறையையும் நான் சமப்படுத்தவில்லை. ஆயினும், கிறிஸ்து ஏற்றுக்கொண்டவரைப் பந்தியில் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை நமக்கு நாமே எடுத்துக்கொள்ளும்போது நடுக்கம் வேண்டும் என்று சொல்ல அந்த வரலாறு போதும்.

ஆகவே, இராப்போஜனம் பற்றிய விதியை அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமாக விரும்பி முழுக்கு எடுக்க வருகிறவரை நீங்கள் தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; வராதவரை வற்புறுத்தாதிருங்கள். அந்நிய பாஷையை எல்லாருக்குமான அடையாளமாக வைக்கும் வாக்கியத்தை, "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வியின் வெளிச்சத்தில் திருத்தி எழுதுங்கள். முடிவெடுக்குமுன், அப்போஸ்தலர் 10, 11 அதிகாரங்களைச் சபைகளில் முழுமையாக வாசித்து, விசுவாசிகளும் பேசக் கூடிய ஒரு கூட்டத்தை அறிவியுங்கள். வேறு சபைகளிலிருந்து வந்தவர்கள் சிலரேனும் அந்தக் கூட்டத்தில் பேச அழைக்கப்பட வேண்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபைகளுள் ஒன்றின் வேதபாட வகுப்பு ஆசிரியன்