'இரண்டு உயிருக்குச் சாப்பாடு' வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

'ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்று கர்ப்பிணிக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவது பாசத்தால்தான். ஆனால் நான்காம் மாதம் முதல் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் போதும்.

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகொடுக்காதபோது ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. இதுதான் கர்ப்பகால நீரிழிவு. நல்லது என்று நம்பிக் குடிக்கும் நீர்த்த கேழ்வரகுக் கஞ்சிகூட அப்போது சர்க்கரையை வேகமாக ஏற்றும். வடிகட்டினால் நார்ச்சத்தும் போய்விடும். அதே மாவைச் சலிக்காமல் முருங்கைக்கீரை சேர்த்து அடையாகத் தட்டினால் ஏற்றம் மெதுவாகும். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் வையுங்கள். சர்க்கரைக்குப் பயந்து இரவில் பட்டினி கிடக்கவே கூடாது. உடல் கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் உண்டாகும்.

இந்த நீரிழிவைக் கண்டறியும் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 (மி.கி./டெ.லி.) அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். முதல் முறை சரியாக இருந்தாலும் 24–28 வாரத்தில் திரும்பச் செய்வது கட்டாயம். பலர் தவறவிடுவது இதைத்தான். இரண்டு வார உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகும் சாப்பிட்ட 2 மணி நேர அளவு 120-ஐத் தொட்டால் மருந்து அவசியம்.

நீரிழிவு இருந்த தாய்மார்களுக்குப் பேறு முடிந்து 6 வாரத்தில் மறுபரிசோதனை வேண்டும். குழந்தையின் 6-வது வாரத் தடுப்பூசி நாளிலேயே அதையும் செய்ய ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– மகப்பேறு உணவியல் ஆலோசகர்கள், மதுரை