வட சென்னைக்கு ஒரு கண்ணாடி உலை வேண்டும்

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தைக் கவனிக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்த திட்டம் இது. அதில் எங்கள் பிள்ளைகள் தொழில் பழக ஒரு கூடம் வேண்டும். அந்தக் கூடத்தில் த்ரீடி பிரிண்டரோடு ஓர் உலையும் வேண்டும்.

பிரிண்டர் மட்டும் போதாது. இங்கே ஒரு பயிலகத்தில் அது இருக்கிறது. பிளாஸ்டிக் சாவிக்கொத்து அடிப்பதோடு சரி. நான் கேட்பது கண்ணாடிக்கு, அதுவும் ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையான ஆப்டிகல் ஃபைபருக்கு.

கண்ணாடித் தண்டு ஒன்றைச் சூட்டில் இளக்கி இழுத்தால்தான் ஃபைபர். அதற்கு முன் அந்தத் தண்டைச் செய்தாக வேண்டும். வழக்கமான முறைகளில் ஒன்று லேத்தில்தான் நடக்கிறது. சுழலும் சிலிக்கா குழாய்க்குள் வாயுவை விட்டு, வெளியே சுடர் காட்டி, உள்சுவரில் கண்ணாடியை அடுக்கடுக்காகப் படியவைப்பார்கள். சுழல்வதால் ஒளி ஓடும் பாதையான கரு நடுவில்தான் அமையும். நான்கு கரு வேண்டும், ஒன்று ஓரமாக வேண்டும் என்றால் பெரும்பாடு.

2019-இல் ஆஸ்திரேலிய, சீன ஆய்வாளர்கள் அந்தத் தண்டையே பிரிண்டரில் செய்து ஃபைபர் இழுத்துக் காட்டினார்கள். சிலிக்கா துகள் கலந்த ரெசின் என்ற பிசின் புறஊதா ஒளியில் அடுக்கடுக்காக இறுகும். அப்புறம் எல்லாம் உலையின் கையில். மெதுவாகச் சூடேற்றி ரெசினை எரித்து வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே எழும் வாயு தண்டைப் பிளந்துவிடும். பதமாகப் போனால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து, தொட்டால் உதிரும் சிலிக்கா மிஞ்சும். மேலும் சூடேற்ற, அது சுருங்கிக் கெட்டிப்பட்டுத் தெளிகிறது. இந்தப் பதம் புத்தகத்தில் வராது, கையில்தான் வரும்.

அந்த இழைகளில் ஒளியிழப்பு அதிகம் என்பது தெரியும். நல்ல தொலைத்தொடர்பு ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்தான் இழப்பு. நான் கேபிள் தொழிற்சாலை கேட்கவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த இரவில் மக்கள் மூச்சு முட்டி ஓடினார்கள். குழாயோடு ஃபைபரைப் போட்டு வெப்பமாற்றத்தையும் இழுவிசையையும் அறிய முடியும். பல கருக்கள் இருந்தால் வளைவையும் அறியலாம். அப்படிப்பட்ட சென்சார்களைச் செய்யத் தெரிந்தவர்கள் மணலி, எண்ணூர் பக்கத்திலேயே இருக்க வேண்டாமா?

தண்டை ஃபைபராக இழுக்கும் கோபுரம் இப்போதைக்கு வேண்டாம், செலவு தாங்காது. கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஃபைபர் ஆய்வு நடக்கிறது. இங்கே செய்த தண்டை அங்கே இழுத்துத் தர அவர்களிடம் பேசுங்கள். இங்கே வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றும் உலை, புகைபோக்கி, பொறுப்பான ஒரு பயிற்றுநர் போதும். பட்டறைப் பையன்கள் வேலை முடித்து வர, கூடம் மாலை ஆறுக்குப் பிறகும் திறந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடி பட்டறைக்காரர் ஒருவர்