பெயர் தெரியாவிட்டால் மதிப்பும் இல்லை என்று ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டனாரிடமிருந்து தமக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டு வேட்டைத் துப்பாக்கி எந்த ஊரில் செய்யப்பட்டது, அதன் மதிப்பு என்னவாக இருக்கும் என்று தங்கள் சென்ற இதழின் பழம்பொருள் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் பணிவாகக் கேட்டிருந்தார். அதற்குக் கிடைத்த பதில் மொத்தமே நான்கு வரி. "தயாரிப்பாளரின் பெயர் எந்தப் பட்டியலிலும் காணப்படாததால் இதற்குச் சொல்லத்தக்க மதிப்பு இல்லை, நன்றாக மெருகேற்றிச் சுவரில் மாட்டி வைக்கலாம்" என்ற வாக்கியத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்திற்கு வேலையே இருந்திருக்காது.

குழலின் மேல் பொறிக்கப்பட்டுள்ள பெயர் துப்பாக்கியைச் செய்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று பதில் எழுதியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். தாங்கள் அறியாதது அல்ல. ஜெர்மனியின் சூல் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒருவர் குழல் கடைய, இன்னொருவர் தோளில் தாங்கும் அக்ரூட் (வால்நட்) மரக் கட்டையைச் செதுக்க, மூன்றாமவர் சித்திர வேலை செய்ய, முடிவில் அதை விற்ற கடைக்காரரின் பெயரே குழலில் ஏறியது. இரண்டு உலகப் போர்களில் அந்தக் கடைகளில் பலவும் மறைந்தன. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்கு அதற்கு மேல் பொருள் கிடையாது. புகழ்பெற்ற பெயர்களுக்கும் இது பொருந்தும். சம்பாவத்தில் ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வழங்கப்பட்ட ரைபிளில் லண்டனின் ரிக்பி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் தோட்டாவை ஏற்றிச் சுடும் அதன் இயங்கு பகுதி ஜெர்மனியின் மவுசர் நிறுவனத்துடையது. கட்டையில் பதித்த சிறிய வெள்ளித் தகடும் அதைப் பிடித்த கையும் சேர்ந்து அதற்கு ஏற்படுத்திய மதிப்பை எந்தப் பட்டியலைக் கொண்டு அளப்பது?

என் தாயின் தந்தையாருடைய ரைபிளும் இப்படிப் பெயர் தெரியாத ஒன்றுதான். அதைப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், கையில்கூட எடுக்காமல், பழைய இரும்பின் விலை பெறும் என்றார். கட்டையின் அடியிலிருந்த இரண்டு திருகுகளைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்தபோதுதான், அதுவரை மரம் மறைத்திருந்த அடிப்பக்கம் கண்ணில் பட்டது. கிரீடத்தின் கீழ் 'யு', கிரீடத்தின் கீழ் 'ஜி', கிரீடத்தின் கீழ் 'என்' என்ற மூன்று முத்திரைகள் அங்கே வரிசையாக இருந்தன. ஜெர்மனியின் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த சோதனை முத்திரைகள் இவை; குழல் அழுத்தத்தைத் தாங்குமா என்று சுட்டுச் சோதித்தபின் இடப்படுபவை. முதலாவது பரிசோதிக்கப்பட்டது என்பதையும், இரண்டாவது உள்ளே சுழல்வரி வெட்டிய குழல் என்பதையும், மூன்றாவது புகையில்லா வெடிமருந்தால் சுட்டுச் சோதிக்கப்பட்டது என்பதையும் சொல்கின்றன. 1940 வாக்கில் கிரீடத்தின் இடத்திற்குக் கழுகு வந்துவிட்டதால், முத்திரையைப் பார்த்த மாத்திரத்தில் காலத்தின் ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. பக்கத்தில் '4 28' என்ற சிறிய எண்கள்: குழல் 1928 ஏப்ரலில் சோதிக்கப்பட்டிருக்கிறது. பழைய இரும்பு என்று ஒதுக்கப்பட்ட பொருள் தன் பிறப்புச் சான்றிதழைத் தன் அடியிலேயே வைத்திருந்தது.

மற்ற நாடுகளும் இப்படி முத்திரையிட்டன. பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைக்கூடம் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளை முட்டை வடிவ வளையத்துக்குள் இட்டது. பிரிட்டன் 1925 முதல், அங்கே சோதிக்கப்பட்ட அயல்நாட்டுத் துப்பாக்கிகளின் மேல் 'ஆங்கிலேயத் தயாரிப்பு அல்ல' என்றே பொறித்துவந்தது. இத்தனை தடயங்கள் இருக்கும்போது, தங்கள் இதழ் அந்த வாசகரிடம் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மெருகேற்றச் சொன்ன அறிவுரையைப் பற்றி நிதானமாக எழுத என்னால் முடியவில்லை. கட்டையில் இருந்த மயிரிழை விரிசலை மட்டும் சரிசெய்து தருமாறு நான் என் ரைபிளை ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் கேளாமலேயே குழல் முழுவதையும் சாணைத் துணியில் தேய்த்துப் புதிதாகக் கருநீலப் பூச்சு ஏற்றித் தந்தார்கள். கண்ணாடிபோல் பளபளத்தது. ஆனால் கடைக்காரரின் பெயரில் பாதி எழுத்துகள் மழுங்கிவிட்டன. கூர்மையாக இருந்த எட்டுப்பட்டை விளிம்புகள் உருண்டுவிட்டன. ஒரு தலைமுறையின் கை பட்டுத் தேய்ந்த மேற்பூச்சைச் சேகரிப்பாளர்கள் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். புதுப் பூச்சைக் கண்டால் விலகிப் போகிறார்கள். அந்த வாசகர் தங்கள் சொல்லைக் கேட்டு இந்நேரம் தேய்த்து முடித்திருந்தால், அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

இது முதன்முறை அல்ல என்பதையும் வருத்தத்துடன் நினைவூட்டுகிறேன். முன்பொருமுறை தங்கள் சிறப்புக் கட்டுரை ஒன்றில், குழல்முனை வரை மரம் நீண்டிருந்த அழகிய மான்லிகர்-ஷோனவர் ரைபிளின் படத்திற்குக் கீழே 'மவுசரின் மலிவு நகல்' என்று அச்சிட்டிருந்தீர்கள். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் தொழிற்சாலையில் உருவான அந்த ரைபிளை 1903இல் கிரேக்க ராணுவமே ஏற்றுக்கொண்டது. தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்றி ஏற்றும் அதன் உருளைக் கிடங்கு மவுசரில் கிடையாது. அன்றே விளக்கி எழுதினேன். கடிதத்தின் முதல் பத்தியில் இருந்த பாராட்டை மட்டும் வெளியிட்டுவிட்டு மற்றதை விட்டுவிட்டீர்கள். அதே கட்டுரையில், இரட்டை விசை கொண்ட ஒரு ரைபிளின் பின்விசை 'பழுதடைந்து இயங்காமல் இருக்கிறது' என்றும் எழுதப்பட்டிருந்தது. பின்விசை சுடுவதற்காக வைக்கப்பட்டதே அல்ல. அதை இழுத்து 'டிக்' என்ற ஓசை கேட்டபின், முன்விசையை விரல் நுனியால் தொட்டாலே போதும். குறி பிசகாமல் சுடுவதற்கான ஏற்பாடு அது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சென்ற இதழில் அந்த வாசகருக்குத் தந்த பதிலின் "8 மி.மீ. தோட்டா பொருந்தினால் சுட்டும் பார்க்கலாம்" என்ற கடைசி வரியைப் பொறுக்க முடியாது. 8 மி.மீ. என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உண்டு: 1888இன் ஜெர்மானியத் தோட்டாவின் குண்டு சுமார் 8.08 மி.மீ. விட்டம் கொண்டது, 1905 வாக்கில் வந்த கூர்முனைக் குண்டு சுமார் 8.22 மி.மீ. குண்டைத் தாங்கும் கூடு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் புதியது பழைய தோட்டா அறைக்குள் நுழைந்துவிடக்கூடும். ஆனால் பருத்த குண்டு குறுகிய குழலுக்குள் நெருக்கித் தள்ளப்படும்போது அழுத்தம் எல்லை மீறும். சுடுபவரின் முகம் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கிகளில் இந்த இரு அளவுகளும் இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை அருகருகே புழங்கின. கொதிநீரின் சூட்டுக்கும் குறைவான சூட்டிலேயே உருகும் உலோகக் கலவையை வார்த்துத் தோட்டா அறையின் அச்சை எடுத்து, குழலின் உள்விட்டத்தையும் அளந்து, தேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் சரியென்று சொன்ன பிறகே அந்த ரைபிளில் தோட்டா ஏற வேண்டும்.

பெயர் தெரியாத ரைபிள் ஒவ்வொன்றும் புதையல் என்று நான் வாதாடவில்லை. குழலுக்குள் துரு அரித்திருந்தால், புதிய தொலைநோக்கி மாட்டுவதற்காக மேலே துளை போட்டிருந்தால், குழலிலும், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகாவிட்டால் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதன் தோட்டா இன்று செய்யப்படாத அளவாக இருந்தாலும் வாங்குவோர் குறைவு. மாறாக, பழைய கொக்கித் தாங்கியும் அதற்கென்றே பொருத்திய தொலைநோக்கியும் பிரியாமல் இருந்தால், எருமைக் கொம்பில் செய்த விசைக்காப்பு உடையாமல் இருந்தால், பெயர் தெரியாத கடையின் ரைபிளுக்கும் ஆள் தேடி வருவார்கள். எதையும் பார்க்காமல் மதிப்பு இல்லை என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், மெருகேற்ற வேண்டாம், சுட்டுப் பார்க்க வேண்டாம், கட்டையைக் கழற்றி அடிப்பக்க முத்திரைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று அந்த வாசகருக்கு மூன்று வரி எழுதுங்கள். படம் வந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துச் சொல்கிறேன். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், இம்முறை மற்றதை நீக்கிவிட்டு 8 மி.மீ. தோட்டா பற்றிய பத்தியை மட்டுமாவது முழுமையாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்