எடை பார்ப்பவர்கள் இதையும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை பிறந்தால் செட்டிநாட்டுக் கிராமங்களில் கபடிப் போட்டிகள் களைகட்டும். ஆட வரும் பையன்களைத் தராசில் ஏற்றி, அரை கிலோ கூடினாலும் திருப்பி அனுப்பும் விழாக் குழுவினர், "உங்கள் குடும்பத்தில் இளவயதில் யாரும் திடீரென்று இறந்ததுண்டா?" என்று மட்டும் கேட்பதில்லை.

என் தம்பிக்கு அப்போது 23 வயது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாப் போட்டியில், பாடிப் போய் ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பியவன், உயர்த்திய கை இறங்குமுன் சரிந்தான். சோடாவை உடைத்து முகத்தில் தெளித்தார்கள். வெயில் என்றார்கள், விரதம் என்றார்கள். 14 ஆண்டுகள் நாங்களும் அதையே நம்பினோம். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் என் மகன் மயங்கி விழுந்த பிறகுதான், அவனுடைய இதயச் சுவர் 19 மி.மீ. தடித்திருப்பது எக்கோ பரிசோதனையில் தெரிந்தது. பெரியவர்களுக்கே 15 மி.மீ. என்றால் நோய் என்பார்கள். பிறகு என்னைப் பரிசோதித்தார்கள், எனக்கும் இருந்தது.

பரம்பரையாக வரும் இந்த இதயத் தசைத் தடிப்பு நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு உண்டு. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு அந்த மரபணுக் குறை இருந்தாலே பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்பு. 2003 ஜூன் 26 அன்று, பிரான்சின் லியோன் நகரில் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கும் இதே நோய்தான். அவருக்கு வயது 28.

பையனின் ஆட்டம் நின்றுவிடும், நாளை பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று அஞ்சியே பல வீடுகளில் இதை மறைக்கிறார்கள். நோய் என்றாலே விளையாட்டுக்கு முழுத்தடை என்ற நிலை இன்று இல்லை. இதய நிபுணர் முழுமையாகப் பரிசோதித்து, ஆபத்தை வீரரிடம் விளக்கி, இருவரும் கலந்து முடிவெடுத்து, அதை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றே 2024-இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வழிகாட்டியுள்ளன. என் மகனுக்குக் கபடி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது அவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அவன் எங்களோடு இருக்கிறான்.

ஆகவே, பெயர்ப் பதிவுப் படிவத்தில் அந்த ஒரு கேள்வியைச் சேர்த்து, "ஆம்" என்பவர்களையும், ஆடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தவர்களையும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்து மருத்துவர் ஒப்புதலுடன் வரும்படி விழாக் குழுவினர் சொல்ல வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் துடிப்பை மீட்கும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்பதால், சுழற்கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை மின்னதிர்ச்சிக் கருவிக்கும், ஊர் இளைஞர் நால்வருக்கு அந்த முதலுதவியைப் பழக்குவதற்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
காரைக்குடி.