மாதவிலக்கு தள்ளிப்போனால் மருந்துக் கடையில் மாத்திரை கேட்பது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில், மருந்துக் கடையில் மருந்தாளுநராகப் பணிபுரிந்து வருகிறேன். திருவிழாக் காலத்திலும் முகூர்த்த மாதங்களிலும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டு வருவோர் அதிகம் என்பது பலரும் அறிந்ததே. அதைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது, ஆண்டு முழுவதும் தாழ்ந்த குரலில் வரும் இன்னொரு கோரிக்கை: "நாள் தள்ளிப் போயிருக்கு, வர்றதுக்கு ஒரு மாத்திரை குடுங்க." கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று கேட்பவர்கள் உண்டு, துண்டுச் சீட்டில் மாத்திரையின் பெயரை எழுதிக் கணவரிடம் கொடுத்தனுப்புபவர்களும் உண்டு. எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், போன மாதம் 10ஆம் தேதி வந்தது, இன்று 14 ஆகிவிட்டது என்று தேதிக் கணக்கில் பதில் வரும்.

குழப்பம் அந்தக் கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது. உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். வயது வந்த பெண்களுக்கு அந்த இடைவெளி 24 முதல் 38 நாட்களுக்குள் இருப்பது இயல்பு. மேலே சொன்ன பெண்ணுக்கு ஆகியிருப்பது 34 அல்லது 35 நாட்கள்தான். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை இடைவெளி விழுவதும் வழக்கமே.

சினைப்பையிலிருந்து முட்டை வெளியான பிறகு உதிரப்போக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்தப் பிற்பாதி அதிகம் மாறுவதில்லை. நீள்வதும் குறைவதும் முட்டை வெளியாவதற்கு முந்தைய பாதிதான். கடும் காய்ச்சல், தேர்வு நேரத்து மனஅழுத்தம், சாப்பாட்டைக் குறைத்துத் திடீரென எடை இழப்பது போன்றவை மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் ஹார்மோன் கட்டளையைத் தாமதப்படுத்துவதால் முட்டையும் தாமதமாகிறது, அதைத் தொடர்ந்து மாதவிலக்கும் தாமதமாகிறது. இப்படி ஒரு முறை தள்ளிப்போவது எவருக்கும் நேரக்கூடியது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

இனி, அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அது புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோன். சில நாட்கள் உட்கொண்டு நிறுத்தியதும், ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குவதால், ஏற்கெனவே தடித்திருக்கும் கருப்பை உட்சவ்வு உதிர்கிறது. வந்துவிட்டது என்று அந்தப் பெண் நிம்மதி அடைகிறார். ஆனால் தைராய்டு குறைபாட்டாலோ, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாலோ, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியதாலோ தள்ளிப்போயிருந்தால் அந்தக் காரணம் அப்படியே உள்ளே இருக்கும். மருத்துவர்களும் இதே மாத்திரையை எழுதித் தருகிறார்களே என்று சிலர் வாதிடுவார்கள். தருகிறார்கள்தான், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்து, காரணத்தையும் ஆராய்ந்த பிறகு தருகிறார்கள்.

கரு உண்டாகியிருந்தால் இந்த மாத்திரை உதிரப்போக்கை வரவழைக்காது, கருவைக் கலைக்கவும் செய்யாது. இது தெரியாமல் இரண்டாவது அட்டையும் வாங்கி உட்கொண்டு, வாரங்களைக் கடத்துபவர்கள் இருக்கிறார்கள். பப்பாளியும் எள்ளும் வெல்லமும் தின்று காத்திருப்பதும் அப்படித்தான். அவை நல்ல உணவுகள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆகவே கருத்தரிக்க வாய்ப்புள்ள எவரும் முதலில் செய்ய வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. கர்ப்பம் இல்லை என்று காட்டியும் மாதவிலக்கு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு, மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தங்கக்கூடும் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

கர்ப்பம் என்று தெரிந்து அதை விரும்பாதவர்கள், கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கித் தாமாக உட்கொள்வதுதான் எல்லாவற்றிலும் அபாயகரமானது. கரு, கருப்பைக்கு வராமல் அதற்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை பயன்படாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் 1971 முதலே இருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2021ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. திருமணமாகாத பெண்களை வேறுபடுத்தக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மருந்துக் கடையோடு நின்றுவிடுபவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

கர்ப்பம் இல்லை என்றால், எதுவரை பொறுக்கலாம்? ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருபவர்களும் அப்படியே. வராவிட்டால் தொல்லை விட்டது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். முட்டை வெளியாகாமல் ஆண்டுக்கணக்கில் போனால் கருப்பை உட்சவ்வு தடித்துக்கொண்டே போய், பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடமளிக்கக்கூடும். அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் 'அந்தரா' கருத்தடை ஊசியால் வராமல் இருப்பது வேறு. அதில் பயப்பட ஒன்றுமில்லை. 15 வயது முடிந்தும் பூப்பெய்தாத பெண், 40 வயதுக்கு முன்பே உடல் சூட்டுடன் வியர்த்து மாதவிலக்கு நின்றுபோனவர், குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசிபவர், தலைவலியுடன் பார்வை மங்குபவர் ஆகியோர் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது.

இம்மாத்திரைகள் மருந்துச் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை. நான் மறுத்தால் அடுத்த தெருவில் கிடைக்கிறது என்பதே நிலைமை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சோதனைக்கு வரும்போது தூக்க மாத்திரைக் கணக்கைப் பார்க்கும் அதே கண்டிப்புடன் இதையும் பார்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரிடம் செல்லும் பெண்கள் கடைசி ஆறு மாதத் தேதிகளைக் குறித்துக்கொண்டு போவதோடு, தாமாக வாங்கி உட்கொண்ட மாத்திரையின் அட்டை இருந்தால் அதையும் மறைக்காமல் காட்ட வேண்டும். அந்த ஹார்மோன் உடலில் இருக்கையில் எடுக்கும் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவு மாறிவிடும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.