கான்கிரீட் கொட்டி முடியும்வரை மேலே நில்லுங்கள்

ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் அவர்களுக்கும் ஓவர்சியர்களுக்கும் வணக்கம்.

நான் 22 வருடமாகக் கம்பி கட்டுகிறவன். போன வாரம் எங்கள் ஊர் அங்கன்வாடி வாசலுக்கு மேல் நீட்டியிருந்த தளத்தை இடித்தது உங்களுக்குத் தெரியும். கட்டி ஆறு வருடம்கூட ஆகவில்லை. சுவரை ஒட்டி மேல்பக்கம் நீளமாக விரிசல் விட்டு, முனை தொங்கிப்போயிருந்தது. பிள்ளைகள் அதற்குக் கீழேதான் செருப்பைக் கழற்றிப் போடுவார்கள்.

இடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வரைபடத்தில் உள்ளபடி 8 மி.மீ. கம்பிதான், ஆறு அங்குல இடைவெளிதான், ஒரு கம்பிகூடக் குறையவில்லை. ஆனால் மேலே இருக்க வேண்டிய கம்பி அத்தனையும் அடியில் படுத்துக் கிடந்தது.

அறைத் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும், அதனால் அங்கே கம்பி அடியில் இருக்க வேண்டும். நீட்டல் தளம் முனையில் தொங்கப் பார்க்கும், இழுவிசை சுவரோரம் மேல்பக்கத்தில் வரும், அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 125 மி.மீ. தளத்தில் அந்தக் கம்பி 40 மி.மீ. கீழே இறங்கினால் தாங்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும் என்பதும் உங்கள் கணக்குதான்.

அது எப்படி இறங்குகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு வருகிறீர்கள். டேப் வைத்து இடைவெளி பார்க்கிறீர்கள், போட்டோ எடுக்கிறீர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறீர்கள். அந்த நேரத்தில் கம்பி சரியாகத்தான் இருக்கிறது. ஒன்பதரைக்கு மிக்சர் ஓட ஆரம்பிக்கும். நடக்கப் பலகை கிடையாது. சித்தாள் பெண்கள் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கம்பி மேலேயே நடந்து வருவார்கள். வேறு எங்கே கால் வைப்பார்கள்? ஒவ்வொரு மிதிக்கும் கட்டுக்கம்பி நழுவும், மேல்கம்பி அரை அங்குலம் இறங்கும். மேல்கம்பியைத் தாங்க நாற்காலி மாதிரி வளைத்து வைக்கும் சேர் கம்பியும் இருக்காது, ஜல்லிக் கல்லைச் செருகி வைத்திருப்பார்கள், அது முதல் மிதியிலேயே உருண்டுவிடும். நான் கொக்கியால் கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டே பின்னால் போவேன். கலவை இறுகுகிறது, தள்ளு என்று மேஸ்திரி சத்தம் போடுவார். நான் தூக்கிய கம்பியை அடுத்த சட்டிக்காரர் மிதிப்பார். ஒருமுறை ஒரு அக்காவின் கால் கம்பிக் கட்டத்துக்குள் போய், கணுக்காலில் கம்பி முனை கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி சட்டி தூக்கினார். மாலை நீங்கள் வந்து பார்க்கும்போது எல்லாம் மழமழவென்று மூடிக் கிடக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். கான்கிரீட் கொட்டி முடியும்வரை உங்களில் ஒருவர் மேலே நிற்க வேண்டும்.

எங்களுக்குக் கூலி டன் கணக்கில். சேர் வளைக்க ஆகும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை, கேட்டால் வீண் கம்பி என்கிறார் ஒப்பந்ததாரர். கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டை கேட்டால் உடைந்த ஓட்டுச்சில்லைக் காட்டுகிறார். கடற்கரைக் காற்று படும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்கள் கடலோரக் குப்பத்து வீடுகளில் சன்ஷேடைத் தட்டிப் பாருங்கள், விரல் கனம்கூட இல்லை. கம்பி துருப்பிடித்து ஊதி, பூச்சோடு கான்கிரீட்டும் பெயர்ந்து விழுகிறது. வீட்டுக்காரர் சிமெண்டைத் திட்டுகிறார், ஆற்று மணலைத் திட்டுகிறார், கடைசியில் எங்களைத் திட்டுகிறார். கையெழுத்துப் போட்டவரை யாரும் கேட்பதில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஆள் குறைவு, ஒரே நாளில் நான்கு ஊர் சுற்ற வேண்டும் என்பது தெரியும். நாள் முழுவதும் முடியாவிட்டால் நீட்டல் தளம் போடும் அந்த ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். பலகை போடாமல் மிக்சரை ஓட்டக் கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போடுவார்கள். நான் சொன்னால் போட மாட்டார்கள்.

வரும் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தின் புது வகுப்பறைக்குத் தளம் போடுகிறோம். வராந்தா நீட்டல் கடைசியில்தான் வரும், மதியம் மூன்று மணி ஆகிவிடும். தயவுசெய்து அதுவரை இருங்கள் ஐயா.

இப்படிக்கு,
கம்பி கட்டும் தொழிலாளி ஒருவன்