உறையின் பச்சை நிறம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிற்றுண்டி உறையின் நிறத்தால் விற்பனையைப் பெருக்கலாம் என்போர், சிவப்பும் மஞ்சளும் பசியைத் தூண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார்கள். கண்ணைப் பறிப்பதையும் பசியைத் தூண்டுவதையும் அவர்கள் குழப்பிக்கொள்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. நான் அஞ்சுவது பச்சையைத்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜொனாதன் ஷுல்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இனிப்பின் கலோரி அளவு ஒன்றேயாயினும், அதைப் பச்சை நிறச் சீட்டில் கண்ட மாணவர்கள், சிவப்பில் கண்டவர்களைவிட அந்த இனிப்பை உடலுக்கு உகந்ததாக மதிப்பிட்டனர். உப்பும் எண்ணெயும் மிகுந்த வறுவலுக்கு இலைப்பச்சை உறை அணிவிப்பவர்கள் பொய் எதையும் அச்சிடுவதில்லை. ஆகவே சொற்களை மட்டும் ஆராயும் விளம்பர விதிகளில் அவர்கள் சிக்குவதுமில்லை. உப்பு, சர்க்கரை, கொழுப்பு போன்றவை மிகுந்த உணவுகளின் உறையில் சிலி நாடு 2016இல் கட்டாயமாக்கிய கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை, உறை எந்நிறமானாலும் தன் நிறம் மாறாதது என்பதால், பிற நாடுகளும் அதைப் பின்பற்றுவதே தகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்